செட்டிநாட்டில் எல்.இ.டி. பல்புத் தொழிற்கூடம்: முதல் மாதிரி முதல் திரும்பி வரும் பல்பு வரை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் எல்.இ.டி. பல்பு தயாரிக்க முன்வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் செய்வது எந்திரம் வாங்குவதுதான். ஒரு கேப் பஞ்சிங் எந்திரம் (ஹோல்டரில் மாட்டும் உலோக மூடியான கேப்பைப் பல்போடு அழுத்திப் பொருத்துவது), ஒரு சால்டரிங் மேசை, ஆயிரம் பல்புக்கான உதிரிப்பொருள்கள், இரண்டு நாள் பயிற்சி ஆகியவற்றை 'முழு செட்' என்று சேர்த்து விற்கிறார்கள். தயாரித்த பல்புகளைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொள்வதாக வாக்குறுதியும் தருகிறார்கள். எந்தப் பொருள் என்று தீர்மானிக்காமல், பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு இல்லாமல், தயாரித்ததைச் சோதிக்க ஒரு கருவிகூட இல்லாமல் அப்படித் தொடங்கிய கூடங்கள், கடைகளிலிருந்து திரும்பி வரும் பல்புகளைத் தாங்க முடியாமல் நின்றுபோவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர்களுக்கு உழைப்பிலோ முதலீட்டிலோ குறை இருப்பதில்லை. வேலைகளின் வரிசைதான் மாறிப்போயிருக்கும். ஆகவே இந்த வழிகாட்டி அந்த வரிசையையே முதன்மையாகக் கொண்டு செல்கிறது. வீட்டு உபயோகத்துக்கான 9 வாட் பல்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்; இதைச் சரியாகச் செய்யக் கற்றவருக்குப் பேட்டன் விளக்கும் (நீளக் குழல் வடிவ விளக்கு) தெருவிளக்கும் கடினமாக இரா.

1. பொருளைத் தீர்மானித்தல்

பல்பு, பேட்டன், ஃபிளட் லைட், தெருவிளக்கு என்று நான்கையும் ஒரே நேரத்தில் தொடங்கக் கூடாது. ஒவ்வொன்றும் தனி இந்தியத் தரநிலையின் கீழ் வருகிறது என்பதே இதற்குக் காரணம். பொது உபயோகப் பல்புக்கு ஐ.எஸ். 16102 பகுதி 1. தனியாக விற்கும் டிரைவருக்கு (மின்கம்பியின் மின்சாரத்தை எல்.இ.டி.க்கு ஏற்றபடி மாற்றித் தரும் மின்சுற்று) ஐ.எஸ். 15885 பகுதி 2 பிரிவு 13. பேட்டன் போன்ற நிலையான விளக்குகளுக்கு ஐ.எஸ். 10322 பகுதி 5 பிரிவு 1. தெருவிளக்குக்கு அதே பகுதியின் பிரிவு 3. ஃபிளட் லைட்டுக்குப் பிரிவு 5. நான்கு பொருள் என்றால் நான்கு வகைச் சோதனை, நான்கு வகைக் கட்டணம், நான்கு வகை உதிரிப்பொருள் இருப்பு என்று ஆகிவிடும்.

யாருக்கு விற்கப்போகிறோம் என்பதையும் இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். எலெக்ட்ரிக்கல் கடைகளுக்கு 6500 கெல்வின் வெள்ளை ஒளிப் பல்பை விற்பதாக இருந்தால் பெரிய நிறுவனங்களின் விலையோடு நேரடியாக மோத வேண்டியிருக்கும். செட்டிநாட்டில் இதற்கு அப்பாலும் ஒரு சந்தை உண்டு. கானாடுகாத்தான், காரைக்குடி, ஆத்தங்குடிப் பக்கங்களில் பழைய வீடுகளை விடுதிகளாக நடத்துகிறவர்கள், தேக்குமரத் தூண்களின் நிறமும் ஆத்தங்குடித் தளக்கற்களின் நிறமும் வெளிறாமல் தெரிய வேண்டும் என்று, 2700 அல்லது 3000 கெல்வின் ஒளியில் நிறத்தெளிவுக் குறியீடு 90-க்கு மேல் உள்ள பல்புகளைக் கேட்கிறார்கள். சாதாரணச் சிப்புகளில் (பல்புக்குள் ஒளி தரும் சிறு எல்.இ.டி. துண்டுகள்) அந்தக் குறியீடு 70 அல்லது 80 அளவில் நின்றுவிடும். அவர்கள் வாங்கும் எண்ணிக்கை குறைவாக இருக்கும். ஆனால் ஒரு ரூபாய் வித்தியாசத்துக்காகக் கடையை மாற்ற மாட்டார்கள். சிறிய கூடம் ஒன்று இவ்விரு சந்தைகளுக்கும் ஒரே வடிவமைப்பில், சிப்பை மட்டும் மாற்றித் தயாரிப்பது நல்ல தொடக்கம் என்பது என் கருத்து.

2. இடமும் அதன் பத்திரமும்

நாளொன்றுக்குச் சில நூறு பல்புகள் தயாரிக்கப் பெரிய கட்டடம் தேவையில்லை. தூசி வராத ஒரு சால்டரிங் அறை, பொருத்தும் கூடம், ஏஜிங் ரேக் (தயாரித்த பல்புகளை எரியவிட்டுச் சோதிக்கும் அடுக்கு) வைக்கக் காற்றோட்டமான ஓர் அறை, பூட்டக்கூடிய சரக்கறை ஆகிய நான்கும் பிரிந்திருந்தால் போதும். ஏஜிங் அறையைத் தனியாக வைப்பதற்குக் காரணம், ஐந்நூறு 9 வாட் பல்புகள் சேர்ந்து எரியும்போது நான்கரைக் கிலோவாட் ஹீட்டர் ஓடும் அளவுக்கு வெப்பம் கிளம்பும் என்பதே.

பூட்டிக் கிடக்கும் பூர்விக வீட்டில் தொடங்கலாம் என்ற எண்ணம் இங்கே இயல்பாக எழும். சுவர்கள் கனமாக இருப்பதால் வெயில் தெரியாது, வாடகையும் மிச்சம். ஆனால் அந்த வீடு பங்காளிகள் பலருக்குப் பொதுவானதாக இருக்கும். ஒருவர் சென்னையிலும் ஒருவர் மலேசியாவிலும் இருப்பார்கள். வங்கிக் கடன், மூன்று ஃபேஸ் இணைப்பு, ஜி.எஸ்.டி. பதிவு, பி.ஐ.எஸ். பதிவு எல்லாமே அந்த முகவரிக்கான ஆவணத்தைக் கேட்கும். பி.ஐ.எஸ். பதிவு குறிப்பிட்ட முகவரியில் உள்ள தொழிற்கூடத்துக்கே தரப்படுகிறது என்பதால், பின்னர் பங்காளிகளில் ஒருவர் மறுப்புத் தெரிவித்து இடம் மாற நேர்ந்தால் சோதனையிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டிவரும். பங்குதாரர் அனைவரும் கையெழுத்திட்ட, பதிவு செய்த குத்தகைப் பத்திரம் கிடைக்காவிட்டால் சிட்கோ தொழிற்பேட்டையிலோ தனியார் ஷெட்டிலோ வாடகைக்கு எடுப்பதே மேல்.

எர்த்திங்கைத் தனியாகக் கவனிக்க வேண்டும். இப்பகுதியின் செம்புறாங்கல் பாங்கான நிலம் கோடையில் நன்றாகக் காய்ந்துவிடும். அப்போது எர்த் குழியின் மின்தடை ஏறும். எல்.இ.டி. சிப்பையும் டிரைவர் ஐ.சி.யையும் கையிலுள்ள நிலைமின்சாரம் கெடுத்துவிடும் என்பதால், மேசை விரிப்பும் மணிக்கட்டுப் பட்டையும் நல்ல எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். குழி அமைத்தவுடன் எர்த் டெஸ்டர் கொண்டு அளந்து தேதியோடு எழுதிவைக்கவும். சித்திரையில் ஒருமுறை மீண்டும் அளக்கவும்.

3. பதிவுகள், கடன்: எது முன், எது பின்

குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதை முடித்து ஜி.எஸ்.டி. பதிவையும் பெற்றபின், வணிகப் பெயரை வகை 11-இல் வர்த்தகக் குறியாகப் பதிய விண்ணப்பிக்கவும். பெட்டி அச்சடித்த பிறகு அந்தப் பெயர் வேறொருவருடையது என்று தெரியவந்தால் இழப்பு பெட்டியோடு நிற்காது, பி.ஐ.எஸ். பதிவு பிராண்டுப் பெயரோடு சேர்ந்தே தரப்படுவதால் அதுவும் பயனற்றுப் போகும்.

மானியத் திட்டங்களில் ஒரு விதியைப் பலர் தவறவிடுகிறார்கள். மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே உரியது. சொந்தப் பணத்தில் எந்திரம் வாங்கி ஓட்டத் தொடங்கிவிட்டு, பிறகு மானியத்துக்குப் போனால் அந்தக் கூடம் ஏற்கெனவே இயங்குவதாகக் கருதப்படும். அத்திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்குத் திட்டச் செலவு 50 லட்சம் ரூபாய் வரை அனுமதி உண்டு. மானியம் பிரிவையும் ஊரையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம். மானியத் தொகை கைக்கு வருவதில்லை. அது வங்கியில் மூன்று ஆண்டுகள் வைக்கப்பட்டுப் பின்னரே கடனில் கழிக்கப்படும். ஆகவே அதை நடைமுறை மூலதனமாகக் கணக்கிடக் கூடாது. பட்டம், டிப்ளமா, ஐ.டி.ஐ. படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. இரண்டில் எது பொருந்தும் என்பதைச் சிவகங்கை மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பிறகே எந்திரத்துக்கு முன்பணம் கொடுக்கவும்.

திட்ட அறிக்கையில் பி.ஐ.எஸ். சோதனைச் செலவு, சோதனைக் கருவிகள், மூன்று மாத உதிரிப்பொருள், ரிப்ளேஸ்மென்டுக்கான இருப்பு ஆகிய நான்கும் தனித்தனி வரிகளாக இருக்கட்டும். எந்திரத்தையும் கட்டடத்தையும் மட்டும் காட்டிக் கடன் பெற்றவர்கள், சரக்கு வாங்கும் நாளில் கைமாற்றுக்கு அலைகிறார்கள்.

4. சிப்பும் மின் கணக்கும்

இங்கிருந்து பொருளின் உள்ளே போகிறோம். 2835 அளவில், 1 வாட், 9 வோல்ட் சிப்புகள் ஒன்பதைத் தொடராக இணைத்தால் 81 வோல்ட் ஆகும். அதில் 100 மில்லி ஆம்பியர் செலுத்தினால் 8.1 வாட். டிரைவரின் திறன் 90 சதவீதம் என்று கொண்டால், மின்கம்பியிலிருந்து இழுப்பது 9 வாட். கணக்கு இப்படி முழுமையாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

விலையைக் குறைக்க விரும்புகிறவர் இதே ஹவுசிங்கில் (பல்பின் உடற்கூடு) ஏழு சிப்புகளை வைத்து 130 மில்லி ஆம்பியர் செலுத்துவார். வாட் மீட்டர் அப்போதும் 9 காட்டும். கடைக்காரரால் வேறுபாடு காண முடியாது. ஆனால் ஒவ்வொரு சிப்பும் 1.17 வாட் சுமக்கிறது. சூடு ஏறி ஒளி சீக்கிரம் மங்குகிறது. தொடர் இணைப்பில் ஒரு சிப் அறுந்தாலும் மொத்தப் பல்பும் இருண்டுவிடும். திரும்பி வரும் பல்பின் டிஃப்யூசரை (ஒளியைப் பரப்பும் வெள்ளை மூடி) கழற்றினால், மஞ்சள் சிப்புகளுக்கு நடுவே ஒன்றில் மட்டும் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். இந்தக் கோளாறின் அடையாளம் அதுதான்.

சிப் வாங்கும்போது, அதன் ஒளி நாளடைவில் எவ்வளவு மங்குகிறது என்று காட்டும் எல்.எம்.-80 அறிக்கையை விற்பவரிடம் கேட்கவும். அந்தச் சோதனை குறைந்தது 6,000 மணி நேரம் நடப்பது. அந்தத் தரவை வைத்து ஆயுளைக் கணிக்கும் டி.எம்.-21 முறையில், போதிய எண்ணிக்கையில் மாதிரிகள் சோதிக்கப்பட்டிருந்தாலும், சோதித்த காலத்தைப் போல் ஆறு மடங்குக்கு மேல் உரிமை கோர முடியாது. 6,000 மணி நேரத் தரவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பெட்டியில் 50,000 மணி நேரம் என்று அச்சிடுவது தவறு. 36,000-க்கு மேல் போகக் கூடாது. அதுவும் சிப்பின் ஆயுள்தான், பல்பின் ஆயுள் அன்று. பல்பின் ஆயுளைத் தீர்மானிப்பது அடுத்த பிரிவில் வரும் டிரைவர்.

ஒரே ஆர்டரில் வரும் ரீல்கள் ஒரே நிறப் 'பின்'னில் (ஒளியின் நிறத்தை வைத்துச் சிப்புகளைப் பிரிக்கும் வகுப்பு) இருக்கின்றனவா என்று லேபிளைப் பார்த்து உறுதிசெய்யவும். இரண்டு பின்கள் கலந்துவிட்டால், மண்டபத்தின் ஒரே வரிசையில் மாட்டிய பல்புகளில் ஒன்று நீலமாகவும் மற்றொன்று மஞ்சளாகவும் தெரியும். வாங்கியவர் மொத்தத்தையும் திருப்பி அனுப்புவார்.

5. டிரைவர்

தொழிற்கூடத்தின் பெயரைக் காப்பதும் கெடுப்பதும் டிரைவரே. இதில் மட்டும் மலிவைத் தேடக் கூடாது என்று புதியவர்களிடம் மன்றாடிச் சொல்கிறேன்.

கிராமங்களுக்குப் போகும் கம்பியில் மாலையில் வோல்டேஜ் மிகவும் தாழ்ந்திருக்கும். நள்ளிரவுக்குப் பின் மோட்டார்கள் நின்றதும் ஏறும். இதைவிடக் கொடியது நியூட்ரல் கட். மின்மாற்றிப் பக்கத்தில் நியூட்ரல் அறுந்தால், இரு வேறு ஃபேஸ்களில் உள்ள வீடுகள் 415 வோல்ட்டுக்குக் குறுக்கே தொடராக நின்றுவிடும். அப்போது குறைந்த சுமை உள்ள வீட்டுக்கு 230-க்குப் பதில் 400 வோல்ட்டை நெருங்கும் மின்னழுத்தம் போகலாம். ஒரு தெருவின் பல்புகள் மொத்தமாகப் போவது பெரும்பாலும் இதனால்தான். மின்வாரியத்தின் குறை என்று கடைக்காரரிடம் விளக்கம் சொல்லிப் பயனில்லை. அவர் கேட்பது மாற்றுப் பல்பு. ஆகவே மிகை மின்னழுத்தத்தில் தானே அணைந்து, சீரானதும் தானே எரியும் பாதுகாப்புள்ள டிரைவரை எடுக்கவும். மின்னல், மோட்டார் சுவிட்ச் ஆகியவற்றால் வரும் சர்ஜுக்காக (நொடிப்பொழுது மின்னழுத்தப் பாய்ச்சல்) அதை உள்வாங்கும் எம்.ஓ.வி.யும், அதற்கு முன்னால் ஃபியூஸ் போல அறுந்து காக்கும் ஃபியூசிபிள் ரெசிஸ்டரும் இருக்கின்றனவா என்று பலகையைக் கையில் வாங்கிப் பார்க்கவும். பட்டியலில் எழுதப்பட்டிருக்கும் உறுப்பு பலகையில் இல்லாமல், அதற்கான துளை மட்டும் காலியாக இருப்பதை அடிக்கடி காணலாம்.

மாதிரி டிரைவரைச் சோதிக்கும் வரிசை: டிம்மர்ஸ்டாட்டில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் கருவி) 140 வோல்ட் முதல் 300 வோல்ட் வரை படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் வெளியேறும் மின்னோட்டத்தைக் குறிக்கவும், அது ஏறக்குறைய மாறாமல் இருக்க வேண்டும். பிறகு சுமையைக் கழற்றிவிட்டு மின்சாரம் கொடுக்கவும். அடுத்து வெளியீட்டைக் குறுக்கிணைக்கவும். இரண்டுக்குப் பின்னும் பல்பு பழையபடி எரிய வேண்டும். கடைசியாக 415 வோல்ட்டை இரு ஃபேஸ்களுக்கு இடையிலிருந்து எடுத்துக் கொடுத்துப் பார்க்கவும். இதை உரிமம் பெற்ற மின்பணியாளர் அருகில் இருக்கும்போது, மூடிய பெட்டிக்குள் வைத்து மட்டுமே செய்ய வேண்டும். தரமற்ற கெபாசிட்டர் வெடிக்கும்.

கெபாசிட்டர் கணக்கு ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று மதிப்பிடப்பட்ட கெபாசிட்டர், பல்புக்குள் 85 டிகிரியில் இருந்தால் ஏறக்குறைய 8,000 மணி நேரம் உழைக்கும். 5,000 மணி நேர வகை 20,000 மணி நேரம் உழைக்கும். இவ்விரண்டுக்கும் உள்ள விலை வேறுபாடு மிகச் சிறியது. அந்தச் சிறு வேறுபாட்டை மிச்சம் பிடித்தவரிடம்தான் இரண்டு ஆண்டு உத்தரவாதக் காலத்திற்குள் பல்புகள் திரும்பி வருகின்றன.

டிரைவரும் சிப்பும் ஒரே பலகையில் இருக்கும் டி.ஓ.பி. வகை விலை குறைவு, பொருத்துவதும் எளிது. ஆனால் டிரைவரின் உறுப்புகள் சிப்புகளோடு அதே சூட்டில் கிடக்கின்றன. மிகை மின்னழுத்தத்தைத் தாங்கும் இடைவெளியும் குறைவு. இந்த வட்டாரக் கிராமக் கம்பிகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

6. வெப்பத்தை அளந்து பார்த்தல்

மாதிரிப் பல்பு பத்து செய்தவுடன், அழகைப் பார்ப்பதற்கு முன் சூட்டை அளக்க வேண்டும். சிப்பின் சால்டர் புள்ளியிலும் கெபாசிட்டரின் மேலும் கே வகைத் தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் கம்பி) ஒட்டி, பல்பை மூடி, அளவு ஏறாமல் நிலைக்கும் வரை எரியவிடவும். சிப்பின் புள்ளி 85 டிகிரி செல்சியஸுக்குக் கீழே நிற்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொள்ளும் வரம்பு. எல்.எம்.-80 அறிக்கைகளில் சோதித்த வெப்பநிலைகளுள் அதுவும் ஒன்று என்பதால், அதைத் தாண்டினால் கையிலுள்ள ஆயுள் கணக்கு பொருந்தாது.

இந்தச் சோதனையை மார்கழியில் செய்து திருப்தி அடைந்துவிடக் கூடாது. சித்திரை வெயிலில், கான்கிரீட் தளத்துக்குக் கீழே தலைகீழாகத் தொங்கும் பல்பைச் சுற்றியுள்ள காற்றே 45 டிகிரியைத் தொடலாம். செட்டிநாட்டு வீடுகளில் பல்புகளைப் பழைய கண்ணாடிக் குண்டுகளுக்குள்ளும் மாட்டுவார்கள். உள்ளே காற்று நகராது. அப்படி ஒரு குண்டை வாங்கி, அதற்குள்ளும் பல்பை வைத்து அளக்கவும். வரம்பைத் தாண்டினால் மூன்று வழிகள் உண்டு: அலுமினியக் கிண்ணம் கனமான ஹவுசிங்கிற்கு மாறுவது, எம்.சி.பி.சி.பி.க்கும் (சிப்புகள் பதிந்த அலுமினியப் பலகை) கிண்ணத்துக்கும் இடையே வெப்பப் பசையைச் சீராகப் பூசுவது, மின்னோட்டத்தைக் குறைத்து 7 வாட் பல்பாக விற்பது. மூன்றாவது வழிக்குப் பலர் உடன்படுவதில்லை. ஆனால் மூடிய குண்டுக்கு என்று தனியே சொல்லி விற்கும் 7 வாட் பல்புக்கு இங்கே நல்ல மதிப்பு இருக்கிறது.

7. முதலில் சோதனைக் கருவி, பின்பு எந்திரம்

மேலே சொன்ன அளவுகளை எடுக்க வாட், பவர் ஃபேக்டர், மின்னோட்டம் ஆகியவற்றைக் காட்டும் மீட்டர், டிம்மர்ஸ்டாட், தெர்மோகப்பிள் மானி, உயர் மின்னழுத்தச் சோதனைக் கருவி, மின்காப்பு மெக்கர், லக்ஸ் மீட்டர், ஏஜிங் ரேக் ஆகியவை தேவை. இவற்றையே முதலில் வாங்கச் சொல்வதற்குக் காரணம், இவை இல்லாமல் வாங்கும் உதிரிப்பொருள் நல்லதா கெட்டதா என்று தெரியவே தெரியாது. ஒளியின் அளவை லூமனில் காணும் ஒருங்கிணைப்புக் கோளம் விலை அதிகம். தொடக்கத்தில் வெளி ஆய்வகத்தில் கட்டணம் செலுத்தி அளந்துகொள்ளலாம்.

எந்திரங்களில் கேப் பஞ்சிங், ஹவுசிங்கில் பலகையை அழுத்தும் பிரஸ், வெப்பத் தட்டு, சால்டரிங் நிலையங்கள், லேசர் மார்க்கிங் ஆகியவை முதல் ஆண்டுக்குப் போதும். சிப்பைப் பலகையில் பதிக்கும் பிக் அண்ட் பிளேஸ் எந்திரத்தையும் ரீஃப்ளோ அடுப்பையும் உடனே வாங்க வேண்டாம். சிப் பதித்த பலகையாகவே வாங்கலாம். அந்த எந்திரங்களுக்கான மாதத் தவணையைக் கட்ட நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பல்பு விற்க வேண்டிவரும்; அவ்வளவு ஆர்டர் நிலைத்த பிறகு வாங்கினால் தாமதமாகிவிடாது. வாங்கும்போது, சால்டர் பேஸ்ட்டைக் குளிர்பெட்டியில் 2 முதல் 10 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்பதையும், எடுத்தவுடன் திறக்காமல் அறை வெப்பத்துக்கு வந்த பின்னரே திறக்க வேண்டும் என்பதையும் பணியாளர்களுக்குச் சொல்லிவைக்கவும். குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் காற்றின் ஈரம் பேஸ்ட்டில் படிந்து, அடுப்பில் தெறிக்கும்.

8. பி.ஐ.எஸ். பதிவு

எல்.இ.டி. பல்பு கட்டாயப் பதிவுக்கு உட்பட்டது. பதிவு இல்லாமல் தயாரித்து விற்பது மட்டுமன்றி, விற்பனைக்கு இருப்பு வைப்பதும் 2016-ஆம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டப்படி குற்றம். 'முதலில் உள்ளூரில் கொஞ்சம் விற்றுப் பார்ப்போம், பிறகு பதிவு செய்துகொள்ளலாம்' என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

வடிவமைப்பு முற்றாக முடிந்த பிறகே மாதிரிகளை பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். சோதனை அறிக்கையில் சிப், டிரைவர், கேப், ஹவுசிங் என முக்கிய உறுப்புகள் தயாரிப்பாளர் பெயரோடு பட்டியலிடப்படும். பின்னர் டிரைவரை மாற்றினால் அந்த மாற்றத்துக்கு மறுபடி சோதனை, மறுபடி அனுமதி. பதிவு கிடைத்த மறு மாதமே இரண்டு ரூபாய் குறைவு என்று வேறு டிரைவருக்கு மாறுகிறவர்கள், கடையிலிருந்து மாதிரி எடுத்துக் கண்காணிப்புச் சோதனை செய்யும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

அறிக்கை வந்த 90 நாள்களுக்குள் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே முகவரி ஆவணம், வர்த்தகக் குறி ஆவணம், எந்திரப் பட்டியல், சோதனைக் கருவிப் பட்டியல் எல்லாம் மாதிரியை அனுப்பும் முன்பே கோப்பில் இருக்கட்டும். ஒரே அமைப்புடைய வெவ்வேறு வாட் அளவுகளை ஒரு தொடராகச் சேர்த்துப் பதிவு செய்ய விதியுண்டு. 7, 9, 12 வாட் மூன்றையும் தொடக்கத்திலேயே திட்டமிட்டால் செலவு குறையும்.

ஆய்வகத்தில் புதியவர்களின் மாதிரிகள் தோற்பது பெரும்பாலும் மூன்று இடங்களில்: ஈரப்பத அறையில் வைத்து எடுத்த பின் மின்காப்பு, உயர் மின்னழுத்தச் சோதனை, கேப்பின் முறுக்குச் சோதனை. பி22 கேப் (இரு முள் உள்ள வழக்கமான வீட்டு ஹோல்டருக்கானது) 3 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தாங்க வேண்டும். பஞ்சிங் ஆழம் போதாவிட்டால் ஹவுசிங்கோடு சுழன்றுவிடும். மூன்றையும் கூடத்திலேயே பார்த்துவிட்டு அனுப்பினால் கட்டணம் வீணாகாது. பல்புகளுக்கு பி.இ.இ. (மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு) நட்சத்திர முத்திரையும் கட்டாயம் என்பதால் அதற்கான ஒளித்திறன் சோதனையையும் இதே பயணத்தில் சேர்த்துக்கொள்ளவும்.

9. பொருத்தும் வரிசை

வரிசை இது: வந்த சரக்கில் மாதிரி எடுத்துச் சோதித்தல், பலகையில் கம்பி சால்டரிங், வெப்பப் பசை பூசிப் பலகையை ஹவுசிங்கில் அழுத்துதல், டிரைவரை இறக்குதல், கேப் மாட்டிப் பஞ்ச் செய்தல், முனைகளைச் சால்டர் செய்தல், வாட் பார்த்தல், டிஃப்யூசர் பொருத்துதல், ஏஜிங், உயர் மின்னழுத்தச் சோதனை, மார்க்கிங், பெட்டி. டிஃப்யூசருக்கு முன்பே வாட் பார்ப்பது, தவறு இருந்தால் பல்பை உடைக்காமல் திருத்துவதற்காக.

தடுமாற்றம் அதிகம் வருவது கம்பி சால்டரிங்கில். அலுமினியப் பலகை சூட்டை உடனே இழுத்துக்கொள்வதால், சாதாரணப் பலகையில் பழகியவர் முனையை நெடுநேரம் அழுத்திப் பிடிப்பார். ஈயம் மணிபோல் உருண்டு மங்கலாக உட்காரும், அல்லது செம்புத் திட்டே பெயர்ந்துவிடும். உருண்ட ஈயம் அன்றைக்கு மின்சாரம் கடத்தும். சில வாரங்கள் சூடேறிக் குளிர்ந்ததும் விட்டுவிடும். பலகையை வெப்பத் தட்டில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கி வைத்துக்கொண்டு சால்டர் செய்தால், ஈயம் இரண்டே நொடியில் பளபளப்பாகப் பரவி, ஓரம் சரிவாக அமையும். இந்த ஒரு வேலையில் கை படிந்த பிறகே பணியாளரை அடுத்த வேலைக்கு மாற்றவும்.

தனித்த டிரான்ஸ்பார்மர் இல்லாத டிரைவர்களில் சிப்புப் பலகையின் செம்பு வரிகள் மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் இருக்கும். டிஃப்யூசர் இல்லாமல் எரியும் பல்பைத் தொடக் கூடாது என்பதை முதல் நாளே சொல்லி, வாட் பார்க்கும் மேசையைக் காப்புடன் அமைக்கவும்.

10. ஏஜிங்

ஒவ்வொரு பல்பும் எரிந்து பார்த்த பின்பே பெட்டிக்குள் போக வேண்டும். தொடர்ந்து எரியவிடுவதோடு இடையிடையே அணைத்து ஏற்றவும் வேண்டும், ஏனெனில் பலவீனமான சால்டரும் கெபாசிட்டரும் சுவிட்ச் போடும் நொடியில்தான் வெளிப்படுகின்றன. டைமர் ஒன்று இருந்தால் போதும். நான்கு மணி நேரம் எரியவிட்டு, கடைசி அரை மணி நேரம் மின்னழுத்தத்தை 270-க்கு ஏற்றிப் பார்ப்பது நடைமுறைக்கு ஒத்து வருகிறது. ஆர்டர் நெருக்கும் நாளில் முதலில் குறைக்கப்படுவது இந்த நேரம்தான். அதைக் குறைக்கும் அதிகாரம் உற்பத்திப் பொறுப்பாளரிடம் இருக்கக் கூடாது.

11. பெட்டியும் கணக்கும்

பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் ஆண்டும், எண்ணிக்கை, எம்.ஆர்.பி., நுகர்வோர் தொடர்பு விவரம், பி.ஐ.எஸ். பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். பதிவு எண் வரும் முன் பெட்டி அச்சடிக்கக் கொடுக்க வேண்டாம்.

விலை போடும்போது 18 சதவீத ஜி.எஸ்.டி.யை உதிரிப்பொருளுக்கு முன்பே செலுத்துகிறோம், விற்ற பணம் வரும்வரை அது முடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளவும். கடைகள் கடன் கேட்கும். உத்யம் பதிவுள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் அதிகம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வருமான வரிச் சட்டத்தின்படி வாங்கியவர் அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்க முடியும். இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பெரிய கடைக்காரர்கள் கவனிப்பார்கள்.

12. திரும்பி வரும் பல்பு

ஒவ்வொரு பல்பின் கேப்பிலும் பேட்ச் குறியை லேசரில் பொறிக்கவும். திரும்பி வந்ததைக் குப்பையில் போடாமல் திறந்து பார்த்து, சிப் கருகல், கெபாசிட்டர் உப்பல், எம்.ஓ.வி. வெடிப்பு, சால்டர் விடுதல், கேப் ஆட்டம் என்று பிரித்துப் பதிவேட்டில் எழுதவும். வெவ்வேறு பேட்ச்களில் எம்.ஓ.வி. மட்டும் வெடித்திருந்து, எல்லாம் ஒரே ஊரிலிருந்து வந்திருந்தால் அது நியூட்ரல் கோளாறு. பல்பில் குறை தேட வேண்டியதில்லை, அந்த ஊர்க் கடைக்காரருக்குத் தகவல் சொன்னால் போதும். ஒரே பேட்சில் சால்டர் விட்டவை இரண்டு மூன்று வந்துவிட்டால், மீதியும் வரும் என்று கொண்டு, கடைகளில் விற்காமல் இருக்கும் அந்தப் பேட்சை உடனே எடுத்துக்கொண்டு வேறு கொடுக்கவும். பல்பைத் திருப்பித் தரும் கடைக்காரரிடம் ஊர், எந்த அறை, மூடிய குண்டா திறந்த ஹோல்டரா என்று மூன்றையும் கேட்டு, பல்பின் மேலேயே ஒரு துண்டுத்தாளில் எழுதி ஒட்டித் தரச் சொல்லவும்.